நகர்ச் சங்கம் நடத்தும் பிள்ளையார் கோயிலை அறநிலையத்துறையிடம் ஒப்படைத்துவிடலாமா?

மூன்றாவது குறுக்குத் தெரு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். 80களில் மனை போட்டு விற்ற நகர். அப்போது இது பஞ்சாயத்து, மழைக்காலத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வரவேண்டும். குடிவந்த பத்துப் பதினைந்து குடும்பத்துப் பெரியவர்கள் நலச் சங்கம் ஆரம்பித்து, ஒரு மூலையில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பிள்ளையாரை உட்காரவைத்தார்கள். கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் ஆனது, ஆஸ்பெஸ்டாஸ் கான்கிரீட் ஆனது, அப்புறம் நவக்கிரகம், துர்க்கை, ஆஞ்சநேயர் (நங்கநல்லூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆஞ்சநேயர் இல்லாமல் இருக்க முடியுமா) என்று வரிசையாக வந்துவிட்டார்கள். இரண்டு கும்பாபிஷேகம் ஆகிவிட்டது. மூன்றாவதற்குப் பன்னிரண்டு வருடம் நெருங்குகிறது, பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம்.

கும்பாபிஷேகம் என்றால் வசூல். வசூல் என்றதும், போன தடவை வசூலித்த கணக்கு எங்கே என்று இளவட்டங்கள் கேட்டார்கள். கணக்கு இல்லை. இருக்கிறது, ஆனால் பொருளாளர் வீட்டு பீரோவில் ஒரு நோட்டில் இருக்கிறது. பேங்க் கணக்கு கோயில் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ இல்லை, இரண்டு பெரியவர்களின் கூட்டுக் கணக்கு, அதில் ஒருவர் போன வருடம் காலமாகிவிட்டார். உண்டியலை இரவு பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு மூன்று பேர் திறந்து எண்ணுகிறார்கள். யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெரியவர்கள் கைக்காசு போட்டுக் கட்டிய கோயில் அது, சின்ன வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது நகர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பேசாமல் அறநிலையத்துறையிடம் கொடுத்துவிடுவோம், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், நமக்குள் சண்டை வேண்டாம் என்று ஒரு பக்கம். அவர்கள் உள்ளே வந்தால் உண்டியலைத் தூக்கிக்கொண்டு போவார்கள், விளக்குக்கு எண்ணெய் வாங்கக்கூட மனுப்போட வேண்டும் என்று இன்னொரு பக்கம். இதில் ஒருவர், உண்டியலை எடுத்துவிட்டால் துறையால் நம்மைத் தொடவே முடியாது, அதுதான் சட்டம் என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா? கொடுப்பது என்றால் எப்படிக் கொடுப்பது, கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்பு நகர்த்தியவன்:

சார், நான் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அதிகாரி இல்லை, அதனால் சொல்வதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தக் "கொடுப்பது" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 1959ஆம் வருடத்துச் சட்டம், 22ஆம் எண். அதில் பிரிவு 6, உட்பிரிவு 20 கோயில் என்றால் என்ன என்று சொல்கிறது: எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, இந்துக்களோ அவர்களில் ஒரு பிரிவினரோ பொது வழிபாட்டுக்காக உரிமையோடு பயன்படுத்தும் இடம். உரிமையோடு என்ற சொல்தான் முக்கியம். உங்கள் வீட்டுப் பூஜையறைக்கு நான் வந்து கும்பிட்டால் அது உங்கள் அனுமதி. உங்கள் பிள்ளையார் கோயிலுக்குள் தெருவில் போகிற நான் நுழைந்தால் யாரையும் கேட்கமாட்டேன். அப்படியானால் அது பொதுக்கோயில், அதாவது சட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். துறை இன்னும் உங்கள் வாசலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

உண்டியல் கதையைச் சென்னைப் புறநகரில் பத்துக் கோயிலிலாவது கேட்டிருப்பேன். முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. பொதுக்கோயிலா தனிக்கோயிலா என்று வழக்கு வந்தால் உண்டியல், பொது வசூல், உற்சவம், ஊர்வலம், யார் நிலம், யார் கட்டியது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கோயிலால் பயன்பெறுவது குறிப்பிட்ட ஆட்களா பொதுமக்களா என்பதுதான் கேள்வி என்று உச்ச நீதிமன்றம் 1956இலேயே தேவகி நந்தன் வழக்கில் சொல்லிவிட்டது. உண்டியல் அதில் ஒரு தடயம் மட்டும். முப்பது வருடமாக ரசீது போட்டு ஊரெல்லாம் வசூலித்துவிட்டு இன்றைக்கு உண்டியலைப் பரண்மேல் ஏற்றினால் எந்த நீதிமன்றம் நம்பும்?

நடைமுறை எப்படி என்றால், பெரும்பாலும் யாராவது ஒருவர் புகார் எழுதுவார். எழுதுபவர் வெளியாள் இல்லை, அநேகமாக உங்கள் சங்கத்திலேயே தேர்தலில் தோற்றவர்தான். ஆய்வாளர் வந்து பார்த்து உதவி ஆணையருக்கு அறிக்கை கொடுப்பார். நிர்வாகம் இல்லை, தகராறு என்று தெரிந்தால் தக்காரை, அதாவது துறை சார்பில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரை, நியமிக்கலாம். இது பொதுக்கோயிலே இல்லை என்று நீங்கள் சொன்னால் பிரிவு 63இன்படி இணை ஆணையரிடம் மனு, அவர் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 69இல் ஆணையரிடம் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 70இல் சிவில் நீதிமன்றம். இந்தப் பாதையில் பேரன் காலம் வரை நடந்த வழக்குகளை நானே அட்டை மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறேன்.

பணத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்பதற்கு: பிரிவு 92இல் கோயில் வருமானத்திலிருந்து துறைக்குப் பங்குத்தொகை அதிகபட்சம் 12 சதவீதம், தணிக்கைக்கு 4 சதவீதம் என்று சொல்வார்கள். மிச்சம் கோயில் கணக்கில்தான் இருக்கும். துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கும் மேல் நிறுவனங்கள் இருக்கின்றன, அதில் மிகப் பெரும்பாலானவை வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வருமானம் இல்லாதவை. அவற்றிலிருந்து தூக்கிக்கொண்டு போக என்ன இருக்கிறது?

நங்கநல்லூர் நாகஸ்வரம்:

கோப்பு சார் சட்டத்தைச் சரியாகச் சொன்னார், ஆனால் சட்டத்தில் குடித்தனம் நடத்த முடியாது.

எங்கள் ஊரைப் பாருங்கள். 32 அடி ஆஞ்சநேயர், ராஜராஜேஸ்வரி, ஒப்பிலியப்பன், லட்சுமி நரசிம்மர், குருவாயூரப்பன், ஐயப்பன் என்று தெருவுக்கு ஒன்று. சின்னக் காஞ்சிபுரம் என்று சும்மாவா சொல்கிறார்கள். இதில் எத்தனையை அரசர் கட்டினார்? பென்ஷன் வாங்கிய அக்கவுண்ட்ஸ் ஆபீசரும் ரயில்வே கார்டும் பஞ்சாயத்தில் கையெழுத்து வாங்கி, பத்து ரூபாய் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கிக் கட்டிய கோயில்கள். பக்தர் கூட்டம் இருக்கிறவரை ஒழுங்காக நடக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கோயில், பெயர் வேண்டாம், துறையின் கீழ் வந்தது. கோபுரத்தில் செடி முளைத்துச் சுதை விழுகிறது. உபயதாரர் ஒருவர் மொத்தச் செலவும் நான் தருகிறேன் என்று நிற்கிறார். தரமுடியாது. மதிப்பீடு போட வேண்டும், மண்டல வல்லுநர் குழு, மாநில வல்லுநர் குழு, அப்புறம் ஆணையர் அனுமதி. பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சாமிக்குத் தற்காலிக இடம்) செய்து மூலவரை மூடி வைத்தது மட்டும்தான் சீக்கிரம் நடந்தது. அந்த உபயதாரர் கடைசியில் வேறு ஊர்க் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். செயல் அலுவலர் ஒருத்தர் ஏழெட்டுக் கோயிலுக்குப் பொறுப்பு, அவரைப் பிடிக்கவே செவ்வாய்க்கிழமை ராகுகாலம் பார்த்துப் போகவேண்டும்.

அறங்காவலர் நியமனம் வேறு. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தக் கட்சி வட்டச் செயலாளருக்குத் தெரியாமல் பெயர் வருமா, நீங்களே சொல்லுங்கள். உங்கள் பொருளாளர் பெரியவர் மேல் கோபம் இருந்தால் நேரில் கேளுங்கள். வீட்டுச் சண்டைக்குப் போலீஸைக் கூப்பிட்டால் சண்டை நிற்கலாம், ஆனால் போலீஸ் வீட்டைவிட்டுப் போகவேண்டுமே.

திருநீர்மலை அடிவாரம்:

நாகஸ்வரம் அண்ணா, அரசர் கட்டாத கோயில் பற்றிச் சொன்னீர்கள். அரசர் காலத்துக் கோயிலின் நிலைமையும் கேளுங்கள்.

எங்கள் மலை திவ்யதேசம். கீழே நீர்வண்ணர் நின்ற கோலம், மேலே நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். துறை நிர்வாகம்தான். குறை இல்லை என்று சொல்லமாட்டேன், நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு படி உயரம் வரும். ஆனால் ஒன்று யோசியுங்கள். பல்லாவரம், பம்மல், குன்றத்தூர் பக்கமெல்லாம் பழைய கோயில்களுக்கு நிலம் இருந்தது. ஏர் ஓட்டிய காலத்தில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. ரிங் ரோடும் ஏர்போர்ட்டும் வந்து ஏக்கர் கணக்கு சதுர அடிக் கணக்கு ஆனதும்தான் ஆளாளுக்கு முளைத்தார்கள். அப்போது கோயில் பெயரில் சொத்துப் பதிவேடு இருந்த இடத்தில் வழக்காவது போட முடிந்தது. பிரிவு 34இல் ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகை விடவோ விற்கவோ ஆணையர் அனுமதி வேண்டும், 78இல் ஆக்கிரமிப்பை எடுக்கலாம். அதிகாரிகள் கண்ணெதிரிலேயே போன நிலமும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பரம்பரை தர்மகர்த்தா மட்டும் இருந்து, பதிவேடும் இல்லாமல் இருந்த கோயில்களில் போன நிலத்தைத் தேடக்கூட வழி இல்லை. கோயில் வாசலில் உட்கார்ந்து பெருமூச்சு விடலாம்.

திரும்ப வாங்க முடியுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சிதம்பரம் தீட்சிதர் வழக்கில் 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நிர்வாகக் குறையைச் சரிசெய்யத்தான் அரசு உள்ளே வரலாம், சரியானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், காலவரையறை இல்லாமல் உட்கார முடியாது. ஆனால் அந்த வரியைக் காகிதத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவர தீட்சிதர்கள் மாதிரி ஒற்றுமையாக நிற்க ஆள் வேண்டும். பொருளாளர் கணக்குக்கே ஒற்றுமை இல்லாத நகரில் யார் நிற்பது?

தட்டுக்காசு:

எல்லோரும் நிலம், உண்டியல், பிரிவு என்று பேசுகிறீர்கள். காலை ஐந்தரைக்கு நடை திறக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அர்ச்சகர், புறநகரில் இதே மாதிரி சங்கக் கோயில் ஒன்றில் இருக்கிறேன்.

சங்கத்தில் எனக்கு என்ன சம்பளம் என்று சொன்னால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். தட்டில் விழுவதுதான் சோறு. சங்கடஹர சதுர்த்தி, பிரதோஷம், மார்கழி இருந்தால் மாதம் ஓடும், ஆடி கூழ் ஊற்றும்போது அம்மன் கோயிலுக்குக் கூட்டம் போய்விடும், எனக்கு இல்லை. நியமன உத்தரவு கிடையாது, பி.எஃப். கிடையாது, தலைவர் மாறினால் சாவியை வாங்கிவிடுவார்கள். ஒரு தலைவர் காலத்தில் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகாததால் பதினைந்து நாள் வெளியே நின்றேன்.

துறைக்குப் போனால் மட்டும் சொர்க்கமா, அதுவும் இல்லை. வருமானம் இல்லாத கோயிலில் சம்பளமும் இல்லை. ஒருகால பூஜைத் திட்டத்துக் கோயில் அர்ச்சகர்களுக்கு 2021இல் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பித்தார்கள், சின்னத் தொகைதான், ஆனாலும் என் தம்பிக்கு அது பேங்கில் விழுகிறது, யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டாம். நீங்கள் யாரிடம் ஒப்படைத்தாலும் சரி, பைலாவில் (சங்க விதிகளில்) அர்ச்சகர் என்று ஒரு வரி போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ரசீதுப் புத்தகம்:

நான் இரண்டு மூன்று நகர்ச் சங்கங்களுக்குக் கணக்கு பார்த்துத் தருகிறவன். கேள்வி கேட்டவர் ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. கோயிலை நடத்துவது நலச் சங்கமா, தனி டிரஸ்டா? பாதிக் கோயில்களில் இதற்கே பதில் இருக்காது.

சங்கம் என்றால் 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். வருடத்துக்கு ஒரு பொதுக்குழு, வரவு செலவு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் பொருளாளர் எத்தனை வருடமாக இருக்கிறார்? நானே யூகிக்கிறேன், பத்துக்கு மேல். அப்படியானால் இன்றைக்குக் கோயிலுக்குச் சட்டப்படி நிர்வாகமே இல்லை என்று ஒருவர் வாதாட முடியும், கோப்பு சார் சொன்ன தக்கார் உள்ளே வருவது அந்தச் சந்து வழியாகத்தான்.

செய்யவேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இந்த வாரமே பதிவு அலுவலகத்தில் போய்ச் சங்கத்தின் எண்ணைக் கொடுத்துக் கடைசியாக எப்போது தாக்கல் ஆனது என்று பாருங்கள். அந்தப் பெரியவரிடம் நோட்டை வாங்கி, சண்டை போடாமல், அவரையே பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள். பலசமயம் கணக்கு சரியாகத்தான் இருக்கும், காட்டத்தான் ஆள் கேட்கவில்லை. சங்கத்தின் பெயரில் பேங்க் கணக்கு. உண்டியலைப் பகலில், ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் பார்க்க எண்ணுங்கள். துறைக் கோயிலில்கூட அப்படித்தான், துறைச் சாவி ஒன்று, கோயில் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

அப்புறம் இடம். இடம் யார் பெயரில் இருக்கிறது? அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மூன்றாவது குறுக்குத் தெரு:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாக ஆபீஸுக்குப் பாதி லீவு போட்டு அலைந்தேன். சங்கம் கடைசியாகத் தாக்கல் செய்தது 2009இல். ரசீதுப் புத்தகம் சார், உங்கள் யூகம் சரிதான், பொருளாளர் பத்துக்கு மேல், பதினாறு வருடம். நோட்டைக் கேட்டதும் கோபப்படுவார் என்று பயந்தேன். மூன்று நோட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறைய பில்லும் எடுத்து வைத்தார், கண் தெரியவில்லை தம்பி, நாலு வருடமாக எழுதவில்லை என்றார். அவர் மனைவி காபி கொடுத்தார். என்ன சொல்வது.

ஆனால் இடம்தான் இடித்துவிட்டது. மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை வாங்கிப் பார்த்தால், கோயில் நிற்கிற மூலையில் பாதிக்குமேல் பூங்கா என்று பச்சையில் தீட்டியிருக்கிறது. பூங்கா எங்கே என்று நாங்கள் யாரும் இத்தனை வருடம் கேட்டதே இல்லை. பஞ்சாயத்து போய் 2011இல் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டோம். அப்படியானால் இந்த இடம் இப்போது மாநகராட்சியுடையதா?

கோப்பு நகர்த்தியவன்:

பயந்தது இதற்குத்தான்.

பூங்கா, சாலை என்று காட்டிய இடத்தை மனை போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் பஞ்சாயத்துக்குப் போய், இன்றைக்கு மாநகராட்சிக்கு வந்திருக்கும். எழுதிக் கொடுக்காமலே விட்ட மனைகளும் நிறைய. ஆனாலும் பூங்கா என்று காட்டி ஒப்புதல் வாங்கிய இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. தெரு, பூங்கா மாதிரிப் பொது இடங்களில் புதிதாக வழிபாட்டிடம் கட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. அதற்கு முன்பு கட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னார்கள். உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது என்றால் அது ஒரு ஆறுதல். அதை நிரூபிக்க முதல் கும்பாபிஷேகப் பத்திரிகை, பழைய மின் இணைப்பு அட்டை, வரி ரசீது, போட்டோ எதுவானாலும் எடுத்து வையுங்கள். இனிமேல் பூங்காப் பக்கம் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். கும்பாபிஷேகத்துக்கு ராஜகோபுரம் என்று யாராவது கிளம்பினால் அங்கேயே நிறுத்துங்கள்.

துறையிடம் ஒப்படைத்தால் இந்தச் சிக்கல் தீருமா என்று அடுத்து கேட்பீர்கள். தீராது. நிலம் மாநகராட்சியுடையது என்றால் துறைக்கும் அது அடுத்தவர் இடம்தான்.

நங்கநல்லூர் நாகஸ்வரம்:

கோப்பு சார் சொல்வதற்கு மேல் ஒன்று. யார் பொறுப்பு என்பது விபத்து நடந்த பிறகுதான் ஞாபகம் வரும். 2023 ஏப்ரல் 5ஆம் தேதி எங்கள் பக்கத்து மூவரசம்பட்டுக் குளத்தில் தீர்த்தவாரியின்போது ஐந்து பையன்கள் மூழ்கிப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நங்கநல்லூரில் எந்தக் கோயிலிலும் யாருக்கும் பேச்சு வரவில்லை. மறுநாளிலிருந்து ஒரே பேச்சு, குளம் யாருடையது, அனுமதி யார் தந்தது, கோயில் யார் கையில். துறை வேண்டாம் என்று நான் மேலே எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் துறை வேண்டாம் என்று சொல்கிறவன் எல்லாப் பொறுப்பையும் தன் தலையில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், கையெழுத்தோடு. அதற்கு உங்கள் நகரில் எத்தனை பேர் தயார்?

மூன்றாவது குறுக்குத் தெரு:

நேற்று பொதுக்குழு நடந்தது, கோயில் வாசலிலேயே, சாமியானா போட்டு. எழுபது பேர் வந்தார்கள். துறையா சங்கமா என்ற பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடி, வரைபடத்தைக் காட்டியதும் அடங்கிவிட்டது. கும்பாபிஷேகம் தள்ளிவைப்பு. புதிய குழு ஏழு பேர், மூன்று வருடம்தான், அதில் இரண்டு பெண்கள். பழைய பொருளாளரைக் கௌரவத் தலைவர் ஆக்கினோம், பேனா மட்டும் வேறு ஆள் கையில். மாநகராட்சிக்கு விவரம் கேட்டுத் தகவல் உரிமை மனு நான்தான் எழுதவேண்டுமாம். தட்டுக்காசு சார், அர்ச்சகர் சம்பளத்துக்குத் தனிப் பத்தி தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம், தொகைக்கு மட்டும் இன்னும் சண்டை.

உண்டியலை வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறக்கிறோம். இரண்டாவது பூட்டு வாங்கியாகிவிட்டது, அதன் சாவி யாரிடம் இருப்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.